மழைக்கால ஓய்வில் உழவு இயந்திரங்கள்

காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா, தாளடி நடவு முடிந்துவிட்டால் சேற்றுழவுக்கு வேலை இல்லை. பவர் டில்லரைக் கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். டிராக்டருக்கும் அறுவடை தொடங்கும் வரை பெரிய வேலை கிடையாது. வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதால் ஆயில் எஞ்சினும் சும்மா கிடக்கிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை இந்த நிலைதான். சில வீடுகளில் பவர் டில்லரை மறுபடி வெளியே எடுப்பது சித்திரையில் கோடை உழவுக்குத்தான்.

உழுத மாட்டை ஓய்வாகக் கட்டிப்போட்டால் அது உடல் தேறும். இயந்திரம் அப்படியல்ல. கவனிக்காமல் நிறுத்திய இயந்திரம் நின்ற இடத்திலேயே கெடும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்கிறது. அந்த ஈரத்தில் துரு ஏறுகிறது, டீசலில் தண்ணீர் சேருகிறது, பேட்டரி இறங்குகிறது, எலி வயரைக் கடிக்கிறது. ஓடும்போது ஏற்படும் தேய்மானத்தைவிட இந்தச் சேதம் சில சமயம் அதிகமாகிவிடுகிறது.

பழுது என்றால் செலவு மட்டுமல்ல, பருவமும் தவறிவிடும். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடப்படுகிறது. அந்தச் சமயத்தில் பின்பட்ட தாளடி பூத்துப் பால் பிடிக்கும் நிலையில் இருக்கும். அப்போது ஓரிரு தண்ணீர் கொடுக்க ஆயில் எஞ்சினைச் சுற்றினால் அது கிளம்ப வேண்டும். கிளம்பாவிட்டால் கதிர் பதராகும். 2023-ல் அணையில் நீர் குறைந்ததால் அக்டோபர் 10-லேயே மூடிவிட்டார்கள். குறுவைக்கும் இதே கதைதான். அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. ஆனால் 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தண்ணீர் எந்த நாளில் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத நிலையில், உழவு இயந்திரம் எந்த நாளிலும் தயாராக இருக்க வேண்டும். தண்ணீர் வந்த பிறகு பட்டறையில் வரிசையில் நின்றால் நடவு தள்ளிப்போகும். நடவு தள்ளிப்போனால் குறுவை அறுவடை மழையில் மாட்டிக்கொள்ளும்.

பனி பெய்யும் கனடா போன்ற நாடுகளில் பலர் குளிர்காலம் முழுவதும் காரைக் கொட்டகையில் மூடி வைக்கிறார்கள். மூடும் முன்பு ஆயில் மாற்றுவதும், பேட்டரியைக் கழற்றிப் பாதுகாப்பதும் அங்கு வழக்கம். அங்கே எஞ்சினுக்குள் தண்ணீர் உறைந்து இரும்பைப் பிளக்கும் என்ற பயம் உண்டு. தஞ்சையில் அந்தப் பயம் இல்லை. இங்கே எதிரி ஈரம். முறை மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். வேலை முடிந்த அன்றே ஒரு நாள் செலவிட்டு ஒழுங்காக மூடிவைத்தால், வேண்டும்போது சிரமமின்றி எடுத்து ஓட்டலாம்.

கழுவிக் காயவைத்தல்

கடைசி உழவு முடிந்ததும் சேறு காய்வதற்கு முன்பே இயந்திரத்தைக் கழுவிவிட வேண்டும். கேஜ் வீல், ரோட்டவேட்டர் கத்திகள், மட்கார்டின் உட்புறம் ஆகிய இடங்களில் ஒட்டிய களிமண் பல நாள் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். அதன் அடியில் இரும்பு அரித்துக்கொண்டே இருக்கும். கழுவும்போது ஏர் கிளீனர், சைலன்சர் வாய், டைனமோ, செல்ப் மோட்டார் ஆகியவற்றில் தண்ணீர் பீய்ச்சக் கூடாது. பிறகு அரை நாளாவது வெயிலில் நிறுத்திக் காயவைக்க வேண்டும். பெயிண்ட் உதிர்ந்த இடங்களைத் தேய்த்துப் பெயிண்ட் பூச வேண்டும். பெயிண்ட் பூச முடியாத கத்தி, கொழு போன்ற பாகங்களில் கிரீஸ் தடவலாம். கிரீஸ் நிப்பிள் உள்ள எல்லா இடங்களிலும் பழைய கிரீஸ் வெளியே வரும் வரை புதுக் கிரீஸ் ஏற்ற வேண்டும். சேற்றில் வேலை செய்தபோது உள்ளே போன தண்ணீரும் அதோடு வெளியேறிவிடும்.

உர மூட்டைகளை இயந்திரக் கொட்டகையில் அடுக்கக் கூடாது. யூரியாவும் பொட்டாஷும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பொட்டாஷில் உள்ள குளோரைடு இரும்பை விரைவாக அரித்துவிடும்.

ஆயில் மாற்றுதல்

ஆயிலை எப்போது மாற்றுவது என்பதில் பல விவசாயிகள் தவறு செய்கிறார்கள். “இப்போது மாற்றினால் வீண், எடுத்து ஓட்டும்போது மாற்றிக்கொள்ளலாம்” என்று நினைக்கிறார்கள். ஓடிக் கறுத்த ஆயிலில் கரியும், ஈரமும், டீசல் எரிவதால் உண்டாகும் அமிலமும் கலந்திருக்கும். அந்த ஆயில் மூன்று மாதம் எஞ்சினுக்குள் தேங்கி நின்றால் பேரிங்குகளை அரிக்கும். ஆகவே நிறுத்தும்போதே ஆயில் மாற்ற வேண்டும்.

எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றி, சூடாக இருக்கும்போதே பழைய ஆயிலை வடிக்க வேண்டும். பில்டரையும் மாற்றி, புது ஆயில் ஊற்றி, மறுபடி ஐந்து நிமிடம் ஓட்டினால் எல்லாப் பாகங்களிலும் புது ஆயில் படிந்துவிடும்.

சேற்றுழவு செய்த இயந்திரத்தில் கியர் பெட்டியையும் பார்ப்பது அவசியம். அச்சின் ஆயில் சீல் தேய்ந்திருந்தால் சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். ஓர் இரவு அசையாமல் நிறுத்திவைத்து, காலையில் அடியிலுள்ள வடிகால் திருகைச் சிறிது தளர்த்திப் பார்க்கலாம். தண்ணீர் கனமானது, அதனால் ஆயிலுக்கு முன்பு அதுதான் வெளியே வரும். ஆயில் மோர் போல வெளுத்திருந்தாலும் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். அப்படியிருந்தால் சீலையும் ஆயிலையும் மாற்றாமல் இயந்திரத்தை மூடிவைக்கக் கூடாது.

டீசல் நிறைய, பெட்ரோல் காலி

டீசல் டாங்கை விளிம்பு வரை நிரப்பி வைக்க வேண்டும். பாதி காலியான டாங்கில் இரவுக் குளிர்ச்சியால் உள்சுவரில் வியர்வை போல நீர் கோக்கும். அது டீசலைவிடக் கனமானதால் அடியில் தங்கும். நீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, கொழகொழப்பான கசடு உண்டாகி பில்டரை அடைக்கும். அந்தத் தண்ணீர் பம்ப்புக்கும் நாசிலுக்கும் போனால் செலவு பெரிது. டாங்க் நிறைந்திருந்தால் காற்றுக்கு இடமில்லை, நீர் கோக்கவும் வழியில்லை. நிரப்பும் முன்பு பில்டர் கிண்ணத்தில் தேங்கிய தண்ணீரையும் கசடையும் வடித்துவிட வேண்டும்.

பெட்ரோலில் ஓடும் விசைத் தெளிப்பான், களை எடுக்கும் கருவி, புல் வெட்டும் கருவி ஆகியவற்றுக்கு இதற்கு நேர் எதிரான முறை. இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் இறங்கிவிடும். மேலும், நாள்பட்ட பெட்ரோல் பிசின் போலாகி கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். எனவே பெட்ரோலை முழுவதும் வடித்துவிட்டு, கார்புரேட்டரில் மிஞ்சியதும் தீர்ந்து தானாக நிற்கும் வரை எஞ்சினை ஓட்ட வேண்டும்.

தண்ணீர் உள்ள எஞ்சின்

கூலன்ட் ஊற்றிய டிராக்டரில் அதை வடிக்க வேண்டியதில்லை. அளவு குறையாமல் இருந்தால் போதும். கூலன்டில் உள்ள மருந்து துருப்பிடிக்காமல் காக்கும். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் எஞ்சினில் அடியிலுள்ள குழாயைத் திறந்து முழுவதும் வடித்துவிட வேண்டும். வடித்ததும் “தண்ணீர் இல்லை” என்று ஓர் அட்டையில் எழுதி மூடியில் கட்டிவிடுவது நல்லது. மறந்து ஓட்டினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளில் உவர்நீரை ரேடியேட்டரில் ஊற்றும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். வேறு நல்ல தண்ணீர் கிடைக்காவிட்டால் ஓட்டுக்கூரையில் பிடித்த சுத்தமான மழைநீரே மேல்.

கைப்பிடி கனக்கும் இடத்தில் நிறுத்துங்கள்

பவர் டில்லர், ஆயில் எஞ்சின் போன்ற ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்களுக்கு எளிய பாதுகாப்பு ஒன்று உண்டு. ஹேண்டிலையோ பிளைவீலையோ கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் கனக்கும். அங்கே இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். அந்த நிலையில் விட்டுவிட்டால் ஈரக்காற்று சிலிண்டருக்குள் நுழையாது. வால்வு திறந்த நிலையில் விட்டால் சிலிண்டர் சுவரில் துரு ஏறி, பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும்.

பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிப் பத்துச் சுற்று கையால் சுற்றி, மறுபடியும் கனக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

வாரம் ஒரு முறை இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்தும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது நன்மையைவிடத் தீமையே செய்யும். எஞ்சின் சூடேறும் முன்பே நிறுத்தினால், எரியும்போது உண்டான நீராவி உள்ளேயே நீராகி ஆயிலில் கலக்கும். ஓட்டுவதென்றால் நன்றாகச் சூடேறும்படி 20 முதல் 30 நிமிடம் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டாமலே விடலாம். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டக் கூடாது. அந்தப் புகை உயிருக்கு ஆபத்து.

டிராக்டரில் கிளட்ச் பெடலை அழுத்தி ஒரு கட்டையால் அண்டை கொடுத்து வைக்க வேண்டும். ஈரத்தில் கிளட்ச் தட்டு பிளைவீலோடு ஒட்டிக்கொள்வதை இது தடுக்கும். பெல்ட் உள்ள இயந்திரங்களில் பெல்ட்டின் இறுக்கத்தைத் தளர்த்திவிட வேண்டும்.

பேட்டரியும் டயரும்

பேட்டரியைக் கழற்றி வீட்டிற்குள் வைப்பதே நல்லது. கழற்றும்போது முதலில் நெகட்டிவ் வயர், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது முதலில் பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். இந்த வரிசை மாறினால் ஸ்பேனர் இயந்திரத்தின் உடம்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும். முனைகளில் பூத்த வெள்ளை உப்பை வெந்நீரால் கழுவித் துடைத்து வாசலின் தடவ வேண்டும். பேட்டரியைப் பலகையின் மேல் வைத்து, மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்ற வேண்டும். சார்ஜ் இறங்கிய நிலையிலேயே கிடந்தால் ஈயத் தகடுகளில் கெட்டியான படிவு ஏற்பட்டு, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் தாங்காது. தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும், போர்த் தண்ணீர் ஆகாது. சார்ஜ் ஏறும்போது வெளியாகும் வாயு தீப்பிடிக்கக்கூடியது. பக்கத்தில் பீடி, விளக்கு கூடாது.

டயர்கள் பல மாதம் ஒரே இடத்தில் எடை தாங்கி நின்றால் அமுங்கி வெடிப்பு விடும். அச்சுக்கு அடியில் உறுதியான மரக்கட்டை கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து சற்று உயர்த்தலாம். செங்கல் அடுக்கக் கூடாது, அது நொறுங்கி இயந்திரம் சாயும். உயர்த்த வசதி இல்லாவிட்டால் சரியான காற்றழுத்தம் வைத்து, டயருக்கு அடியில் பலகை போட்டு, மாதம் இரண்டு முறை கால் சுற்று நகர்த்திவிட வேண்டும். டயரில் ஆயில், கிரீஸ் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எலித் தொல்லை

வயலில் தண்ணீர் நின்று வரப்பு வளைகள் நிரம்பியதும் எலிகள் மேடான இடம் தேடிக் கொட்டகைக்கு வரும். ஏர் கிளீனருக்குள் கூடு கட்டுவதும், வயர், ரப்பர் குழாய், சீட்டுப் பஞ்சு ஆகியவற்றைக் கடிப்பதும் அதன் வேலை. எலியைத் தேடிப் பாம்பும் வரும். ஆகவே வைக்கோல், விதைநெல், தவிட்டு மூட்டை ஆகியவற்றை இயந்திரத்தின் பக்கத்தில் வைக்கக் கூடாது. சைலன்சர் வாயையும் காற்றுக் குழாய் வாயையும் துணியால் அடைத்து, அந்தத் துணியோடு நீளமான சிவப்புத் துணி ஒன்றைத் தொங்கவிட வேண்டும். எடுத்து ஓட்டும் நாளில் அதைக் கழற்ற மறக்காமலிருக்க இதுவே அடையாளம். வாரம் ஒரு முறை பானெட்டைத் திறந்து, குச்சியால் தட்டிவிட்டு உள்ளே பார்க்க வேண்டும்.

எங்கே நிறுத்துவது?

2008 நவம்பர் இறுதியில் நிஷா புயல் மழையின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட ஆண்டில் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பது ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். கொட்டகைத் தளம் அந்த உயரத்திற்கு மேலே இருக்க வேண்டும். அப்படி உயர்த்த முடியாதவர்கள், கனமழை எச்சரிக்கை வந்தவுடன் இயந்திரத்தைக் கொண்டுபோய் நிறுத்தக்கூடிய மேடான இடம் ஒன்றை முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது இலட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. தென்னை மரத்தடியில் இயந்திரத்தை நிறுத்தக் கூடாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கொட்டகை இல்லாதவர்கள் தார்ப்பாய் போட்டு மூடலாம். ஆனால் தரை வரை இறுக்கிக் கட்டினால் மண்ணின் ஈரம் உள்ளேயே தங்கி வியர்க்கும். அடியில் ஓர் அடி இடைவெளி விட்டுக் காற்றோட்டம் இருக்கும்படி கட்ட வேண்டும். வெயில் காயும் நாட்களில் மூடியைத் திறந்துவிட வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிவிட்டால்

எஞ்சின் தண்ணீரில் மூழ்கிவிட்டால், தண்ணீர் வடிந்ததும் ஓடிப்போய் ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான் மிகப் பெரிய தவறு. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில நூறு ரூபாய் ஆயிலோடு முடிய வேண்டிய வேலை எஞ்சினையே பிரிக்கும் வேலையாகிவிடும். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். மெக்கானிக்கைக் கொண்டு நாசிலைக் கழற்றி, கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். எஞ்சின் ஆயில், கியர் ஆயில், டீசல், பில்டர்கள் எல்லாவற்றையும் மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும். இதைத் தாமதிக்காமல் செய்தால் துரு ஏறும் முன்பே எஞ்சினைக் காப்பாற்றிவிடலாம். காப்பீடு செய்திருந்தால் கழற்றும் முன்பு படம் எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவித்துவிட வேண்டும்.

பம்ப்செட்டும் மோட்டாரும்

ஆயில் எஞ்சினோடு இணைந்த பம்ப்பின் அடியிலுள்ள திருகைக் கழற்றி உள்ளே தங்கிய தண்ணீரை வடிக்க வேண்டும். புட் வால்வில் சிக்கிய குப்பையை நீக்க வேண்டும். ஹோஸ் குழாய்களைக் கழுவிச் சுருட்டி நிழலில் தொங்கவிடலாம். மின்மோட்டார் வைத்திருப்போர், பல வாரம் நின்ற பிறகோ மோட்டார் நனைந்த பிறகோ ஸ்விட்சைப் போடும் முன்பு எலக்ட்ரீஷியனைக் கொண்டு இன்சுலேஷனையும் எர்த் இணைப்பையும் பரிசோதிப்பது கட்டாயம். ஈரக் கையால், ஈரத் தரையில் நின்றுகொண்டு ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட்டு உயிரிழந்தவர்கள் உண்டு.

மறுபடி எடுத்து ஓட்டும்போது

வேலைக்கு வேண்டிய நாளில் எடுக்காமல், பத்து நாள் முன்பே எடுத்துப் பார்க்க வேண்டும். குறை இருந்தால் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். வரிசையாகச் செய்ய வேண்டியவை:

1. அடைத்த துணிகளை எடுத்து, எலிக்கூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.
2. தண்ணீர் வடித்த எஞ்சினில் தண்ணீர் நிரப்பி, ஆயில் அளவைப் பார்க்க வேண்டும்.
3. டீசல் பில்டர் கிண்ணத்தை வடித்து, குழாயிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும்.
4. கிளட்ச் கட்டையை எடுத்து, பெல்ட்டைச் சரியாக இறுக்க வேண்டும். பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.
5. டயர் காற்றைச் சரிபார்த்து, பேட்டரியை மாட்ட வேண்டும்.
6. கையால் சில சுற்றுகள் சுற்றி, தடையில்லை என்று தெரிந்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.
7. பத்து நிமிடம் சுமையின்றி மெதுவாக ஓட்டி, கசிவு உண்டா என்று பார்த்த பிறகே வேலையில் இறக்க வேண்டும்.

ஒவ்வோர் இயந்திரத்திற்கும் ஆயிலின் தரம், அளவு, காற்றழுத்தம் ஆகியவை வேறுபடும். அவற்றை வாங்கும்போது கொடுத்த கையேட்டில் காணலாம். கையேடு தொலைந்தவர்கள் விற்பனையாளரையோ அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தையோ அணுகலாம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஓர் இயந்திரம் வைத்திருந்தால், மழைக்காலத்தில் அதைக் கவனிக்கும் பொறுப்பு இன்னாருக்கு என்று நிறுத்தும் நாளிலேயே பேசி முடித்துவிட வேண்டும். எல்லோருக்கும் பொதுவான இயந்திரத்தை ஒருவரும் கவனிக்காமல் விடுவது பல ஊர்களில் நடக்கிறது. ஆயில் மாற்றிய தேதியையும், நிறுத்திய தேதியையும் கொட்டகைச் சுவரிலேயே எழுதி வைத்தால் அடுத்த முறை யாரையும் கேட்க வேண்டியதில்லை.